கோடி சுவாமியின் அடுக்களைப் பள்ளி

படிப்பு சிறுவர் காரியம் என்றுதானே நினைக்கிறீர்கள்? கனடா தேசத்துக் குருவான மோசஸ் கோடி சுவாமி அப்படி நினைக்கவில்லை. 1882-ல் கேப் பிரெட்டன் தீவில் குடியானவர் வீட்டில் பிறந்து, 1910-ல் உரோமையில் குருப்பட்டம் பெற்றவர் அவர்.

அந்தக் கரையோரத்து மீனவர் அக்காலத்தில் வியாபாரிக்குக் கடன்பட்டுக் கிடந்தார்கள். சிங்கி இறாலை அவன் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும். வீட்டுச் சாமானும் அவன் கடையிலேயே வாங்கவேண்டும். தர்மம் கொடுத்து இவர்களைத் தூக்கிவிட முடியாதென்று சுவாமி கண்டார்.

1928-ல் ஆன்டிகோனிஷ் நகரின் அர்ச். சவேரியார் சர்வகலாசாலை (நம் முத்துக்குளித்துறை அறிந்த அதே சவேரியார்தான்!) வயது வந்தோர் கல்விக்கென ஒரு துறை தொடங்கி, அவரை முதல் தலைவராக்கியது. இந்த எண்ணத்தை முதலில் விதைத்தவர் அவருடைய உறவினர் தாம்ப்கின்ஸ் சுவாமி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பள்ளி எங்கே நடந்தது என்கிறீர்களா? மீனவர் வீட்டு அடுக்களையில். பத்துப் பேர் கூடுவார்கள். எழுத்தறிந்தவன் வாசிப்பான்; மற்றவர்கள் கேட்டுத் தர்க்கிப்பார்கள். நாம் பிடித்த இறால் எங்கே போகிறது, இலாபம் யாருக்கு, இதுவே பாடம். கத்தோலிக்கரும் பிரிவினை சபையாரும் ஒன்றாய் உட்கார்ந்தார்கள். அன்று அது லேசான காரியமல்ல. இப்படிப் படித்தவர்களே கடன் சங்கங்களையும், இறாலை டப்பாவில் அடைக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளையும் எழுப்பினார்கள்.

1959 ஜூலையில் சுவாமி மரித்தார். அதே வருஷம் அவர் பெயரால் அந்தச் சர்வகலாசாலையில் ஒரு சர்வதேச நிலையம் ஏற்பட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா கண்டங்களின் ஊர்ப்பணியாளர் பலர் அங்கே சென்று பயின்று திரும்பினர். இந்தியரும் அவர்களில் உண்டு.