பால் மோர்ஃபி

பால் சார்ல்ஸ் மோர்ஃபி (ஜூன் 22, 1837 – ஜூலை 10, 1884) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற சதுரங்க ஆட்டக்காரர் ஆவார். அதிகாரபூர்வமான உலக வாகையாளர் பட்டம் 1886 இலேயே தோன்றியது. எனினும் தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராக இவர் கருதப்படுகிறார். இவருடைய ஆட்டங்கள் இன்றும் சதுரங்கம் பயில்வோருக்குப் பாடங்களாக விளங்குகின்றன.

இளமை

மோர்ஃபி லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்சு நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அலோன்சோ மோர்ஃபி அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்தவர். 1850 இல், தமது பன்னிரண்டாம் அகவையில், அங்கேரிய வல்லுநர் லோவெந்தாலை மோர்ஃபி வென்றார். 1857 இல் சட்டப் பட்டம் பெற்றார். வழக்குரைஞராகத் தொழில் செய்வதற்குரிய அகவையை அப்போது எட்டாததால், சதுரங்கத்துக்கு நேரம் கிடைத்தது. அவ்வாண்டு நியூயார்க்கில் நடைபெற்ற முதலாவது அமெரிக்கச் சதுரங்க மாநாட்டில் லூயி பால்சனை வென்று முதலிடம் பெற்றார்.

ஐரோப்பியப் பயணம்

1858 இல் மோர்ஃபி ஐரோப்பா சென்றார். இங்கிலாந்தின் ஓவார்டு இசுடான்டனுடன் போட்டியிட விரும்பினார். ஆனால் அப்போட்டி நடைபெறவே இல்லை. பாரிசில், பலகையைப் பாராமலேயே எட்டுப் பேருடன் ஒரே நேரத்தில் ஆடினார். 1851 இலண்டன் போட்டியின் வெற்றியாளரான செருமானியர் அடால்ஃப் ஆண்டர்சனை அவ்வாண்டு டிசம்பரில் எதிர்கொண்டு, 7 ஆட்டங்களில் வென்றார். 2 இல் தோற்றார். 2 சமநிலையில் முடிந்தன.

ஓப்பரா ஆட்டம்

1858 இல் பாரிசு ஓப்பரா அரங்கில் பிரன்சுவிக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி, ஓரணியாக மோர்ஃபியை எதிர்த்து ஆடினர். மோர்ஃபி வெள்ளைக் காய்களுடன் 17 நகர்த்தல்களில் வென்றார். அவர் தம் காய்களை விரைவாகக் களத்துக்குக் கொணர்ந்தார். கறுப்பின் ஒரு கோட்டையும் ஒரு மந்திரியும் இறுதிவரை தொடக்கக் கட்டங்களை விட்டு நகரவில்லை. பதினாறாம் நகர்த்தலில் அரசியைப் பலிகொடுத்து, அடுத்த நகர்த்தலில் கோட்டையால் இறுதி முற்றுகையிட்டார். காய்களை வீணாக அலையவிடாமை, திறந்த நிரல்களைக் கைப்பற்றல், அரசனை விரைவில் பாதுகாத்தல் ஆகியவற்றை விளக்கத் தொடக்கநிலை மாணவருக்கு இவ்வாட்டம் கற்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு நகர்த்தலையும் பார்க்கும் முன் தாமே ஊகித்து, பின்னர் மோர்ஃபியின் தேர்வுடன் ஒப்பிடுவது பயனுள்ள பயிற்சியாகும்.

மோர்ஃபியும் முன்னோர் ஆட்டங்களைப் பயின்றவரே. 1859 இல் நாடு திரும்பிய பின், நியூயார்க் லெட்ஜர் இதழில் லா பூர்தொனே, மெக்டொனெல் ஆகியோர் 1834 இல் ஆடிய ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதினார்.

இறுதிக் காலம்

அதன்பின் மோர்ஃபி முக்கியப் போட்டி எதிலும் ஆடவில்லை. சட்டத் தொழிலில் ஈடுபட முயன்றும், உள்நாட்டுப் போர்க் (1861–1865) காலத்திலும் அதற்குப் பின்னரும் அதில் வெற்றி காணவில்லை. பிற்காலத்தில் மனநலம் குன்றினார். சதுரங்கம் பற்றிப் பேசவும் விரும்பவில்லை. தமது 47 ஆம் அகவையில் நியூ ஓர்லியன்சில் காலமானார். முன்னணி ஆட்டக்காரராக இவர் விளங்கிய காலம் ஏறத்தாழ இரண்டாண்டுகளே. எனினும் 1964 இல் பாபி ஃபிஷர் வெளியிட்ட பத்துத் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலில் இவரும் இடம்பெற்றார்.