கே. எஸ். ராஜா

கே. எஸ். ராஜா (இறப்பு: 1994) இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆவார். 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியதிலிருந்து தமிழ்நாட்டு நேயர்கள் இலங்கை ஒலிபரப்புக்குப் பழகியிருந்தனர். 1970களில் கடலின் இருபுறமும் அறியப்பட்ட குரல் இவருடையது. நிதானமான உச்சரிப்பே அறிவிப்பாளருக்கு அழகு எனக் கருதப்பட்ட காலத்தில், மூச்சுவிடாத வேகத்தில் பேசி அம்மரபை மீறினார்.

திரைப்பட விளம்பர நிகழ்ச்சியான திரைவிருந்து இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித்தந்தது. தாமே ஒரு கேள்வியைக் கேட்டு, விடையாகத் திரைப்பட வசனத்தையோ பாடல் வரியையோ ஒலிக்கச் செய்வது இவரது உத்தி. கணினித் தொகுப்பு இல்லாத அந்நாளில் இதற்கு ஒலிநாடாவை நொடி பிசகாமல் இயக்கவேண்டியிருந்தது. விளம்பரத்தையே விரும்பிக் கேட்கவைத்தது சிறு செயலன்று.

இனப்போர்க் காலத்து வன்முறை இவரையும் விட்டுவைக்கவில்லை. 1994 இல் கொழும்பில் படுகொலை செய்யப்பட்டார்.