வெள்ளிச் சுரங்கத்தில் விறகுப் பஞ்சம்!

வீட்டில் அரிசி இருக்கிறது. பருப்பு இருக்கிறது. அடுப்பு எரிக்க விறகு இல்லை! விறகடுப்பு மூட்டிய தாய்மார்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும்.

இதே கஷ்டம் ஒரு நாட்டுக்கே வந்தது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியைச் சேர்ந்த சாக்சனி நாட்டில் பூமிக்கு அடியில் வெள்ளி இருந்தது. அதை வெட்டி எடுக்க ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அதை உருக்குவதற்கு விறகு கிடைப்பதுதான் வரவர அரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது வழி சொன்னவர் ஒரு சுரங்க அதிகாரி. அவர் பெயர் ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ்.

யுத்த காலத்தில் பிறந்தவர்

கார்லோவிட்ஸ் 1645-ம் ஆண்டு டிசம்பர் மாதம், கெம்னிட்ஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். ஐரோப்பாவைச் சீரழித்த 30 ஆண்டு யுத்தம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அது 1648-ல்தான் ஓய்ந்தது.

அவருடைய தகப்பனார் காடுகளைக் கவனிக்கும் அரசாங்க உத்தியோகஸ்தர். ஆகவே, மரத்தைப் பற்றிய பேச்சு சிறு வயதிலேயே மகனின் காதில் விழுந்திருக்கும்.

யேனா சர்வகலாசாலையில் கார்லோவிட்ஸ் படித்தார். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி உட்கார்ந்துவிடவில்லை. 1665 முதல் 1669 வரை ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். பல நாடுகளில் மரத் தட்டுப்பாடு பற்றிய கவலை இருந்தது. பிரான்ஸ் தேசத்தில் 14-ம் லூயி மன்னரின் மந்திரி கோல்பெர், காடுகளைக் காக்க 1669-ல் ஒரு பெரிய சட்டமே கொண்டுவந்தார்.

1677-ல் கார்லோவிட்ஸ் சுரங்க இலாகாவின் துணைத் தலைவரானார். 1711-ல் அந்த இலாகாவின் தலைமைப் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 65. பிரைபர்க் நகரில் அலுவல் பார்த்தார்.

காட்டைத் தின்ற சுரங்கம்

வெள்ளிக்கும் விறகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

வெடிமருந்து பரவலாவதற்கு முன், கெட்டியான பாறையை உடைக்க அதன் அருகே விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை வெடித்துவிடும். சுரங்கம் இடிந்து விழாமல் இருக்க உள்ளே மரத் தூண்களை முட்டுக் கொடுப்பார்கள். வெட்டி எடுத்த தாதுவை உருக்கவோ கரி வேண்டும்.

கரி எப்படிக் கிடைக்கும்? விறகைக் கும்பலாக அடுக்கி, மண்ணால் மூடி, பல நாட்கள் புகையவிட்டுச் சுடவேண்டும். ஒரு பங்கு கரி எடுக்க நாலைந்து பங்கு விறகு போய்விடும்!

இவ்வளவும் போக, குளிர் தேசத்து ஜனங்கள் வீட்டில் கணப்புப் போடவேண்டும், ரொட்டி சுடவேண்டும். பக்கத்துக் காடுகள் குறைந்தன. தூரத்து மலைகளில் மரத்தை வெட்டி, ஆறுகளில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். மரம் போன மலைச் சரிவில் மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடிவிடும். பிறகு அங்கே புதுக் கன்று பிழைப்பதும் கஷ்டம்.

விறகு நின்றால் உலை நிற்கும். உலை நின்றால் சுரங்கம் நிற்கும். சுரங்கத்தை நம்பிய குடும்பங்கள் என்ன ஆகும்? கிழவருக்கு இதுதான் கவலை.

1713-ல் ஒரு புத்தகம்

1713-ல் லைப்சிக் நகரில் அவருடைய புத்தகம் வெளியாயிற்று. காடு வளர்ப்பைப் பற்றிய 400 பக்கங்களுக்கு மேற்பட்ட பெரிய நூல் அது.

மரமே வெட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. வெட்டுகிற அளவுக்கு வளர்க்கவேண்டும் என்றார். விதை விதைப்பது, கன்று நடுவது எல்லாவற்றையும் விளக்கினார். விறகு குறைவாகச் செலவாகும் அடுப்புகளையும், குளிர் புகாத வீடுகளையும் கட்டச் சொன்னார். அவசர லாபத்துக்காகக் காட்டை அழிப்பவர்களைக் கண்டித்தார். ஏழை ஜனங்களையும், இனிப் பிறக்கப்போகும் சந்ததிகளையும் நினைக்கச் சொன்னார்.

இது எளிய கணக்குத்தான். விறகு மரம் முதிர 20 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காட்டை 20 பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கு மட்டும் வெட்டவேண்டும். கடைசிப் பங்கு வெட்டி முடியும்போது முதல் பங்கு மறுபடி தயாராக நிற்கும். காடு அழியாது. அடுப்பும் அணையாது.

காடு என்றென்றும் நீடித்துப் பயன் தரவேண்டும் என்ற கருத்தை ஒரு சொல்லாக அந்த நூலில் அவர் எழுதிவைத்தார். இன்று உலகமெங்கும் பேசப்படும் நீடித்த வளர்ச்சி என்ற கொள்கைக்கு அதுவே வித்து.

நூல் வெளியான மறு ஆண்டே, 1714 மார்ச் 3-ந் தேதி, கார்லோவிட்ஸ் காலமானார். அவர் விதைக்கச் சொன்ன மரங்கள் விறகாவதைப் பார்க்க அவர் இல்லை.

பின்னால் வந்த தவறு

அவர் காட்டிய வழியில் ஜெர்மனியில் காட்டுக் கலை வளர்ந்தது. 1864-ல் இந்திய வன இலாகாவின் முதல் தலைமை அதிகாரியாக வந்த டீட்ரிச் பிராண்டிசும் ஜெர்மானியரே.

ஆனால் பின்வந்தவர்கள் ஒரு தவறு செய்தார்கள். சீக்கிரம் வளர்கிறதே என்று ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே வரிசை வரிசையாக நட்டார்கள். மரக் கணக்கு சரியாக இருந்தது. ஆனால், பல ஜாதி மரங்கள் சேர்ந்த காட்டின் பலம் போய்விட்டது. 2018-ல் தொடங்கிய வறட்சியிலும் பட்டை வண்டின் தாக்குதலிலும் அந்த மரங்கள் ஏராளமாகச் செத்தன. சாக்சனியும் தப்பவில்லை.

இன்னொன்றும் இப்போது தெரிந்திருக்கிறது. அடிமரத்தை விட இலையிலும் சுள்ளியிலும்தான் மண்ணுக்கு வேண்டிய சத்து செறிவாக இருக்கிறது. அதையும் வாரிக்கொண்டு போனால் மண் மெலியும். பட்டுப்போன மரத்தை எல்லாம் விறகாக்கிவிட்டால் மரங்கொத்திக்கும் வண்டுக்கும் வீடு இல்லை. ஆகவே, காட்டுக்குக் கொஞ்சம் விட்டுவைத்து, மிச்சத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

சேமித்த நெல்லில் விதை நெல்லைத் தொடாத குடியானவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கார்லோவிட்ஸ் அதையே காட்டுக்குச் சொன்னார்.