திடலோரம் நின்ற ஆசிரியர்

நம் மொழிக் கழக ஆண்டிதழில் கவிஞர்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் கட்டுரைகள் நிறைய வருவதுண்டு. இம்முறை நான் ஒரு காற்பந்துப் பயிற்றுநரைப் பற்றி எழுத முனைந்துள்ளேன். அதற்குக் காரணம் என் ஊர். பாகான் செராய் வட்டாரத்தில் நெல்வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் இடையே வளர்ந்த எங்களுக்கு, மாலை நேரம் என்றால் காற்பந்துதான். பயிற்றுநர் என்று தனியாக ஒருவரும் இருந்ததில்லை. காலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியரே மாலையில் கழுத்தில் விசிலோடு திடலுக்கு வருவார். அத்தகைய ஓர் ஆசிரியர் ஒரு நாட்டையே ஆசியாவின் உச்சிக்குக் கொண்டு சென்றார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் சையத் அப்துல் ரஹீம்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் நம்மைப் போலவே பல்கலைக்கழக அணிக்காகப் பந்தாடினார். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். உடற்கல்வியிலும் பயிற்சி பெற்றார். 1943இல் ஹைதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்று, இறக்கும் வரை அதிலேயே இருந்தார். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி அவருடைய பயிற்சியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

அதே காலக்கட்டத்தில் இந்திய தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951இல் டெல்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. ஆனால் மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. அந்தக் குளிரிலும் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினர்.

பத்துக் கோல்கள் வாங்கிய அணியின் பயிற்றுநர் என்ன செய்வார்? ரஹீம் தற்காப்பைத் திருத்தினார். பின்வரிசையில் இருவரை மட்டும் நிறுத்தும் பழைய முறை ஐரோப்பிய அணிகளிடம் எடுபடாது என்று உணர்ந்து, மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களைக் கொண்ட முறைக்கு அணியை மாற்றினார். பின்னாளில் நால்வர் பின்னே நிற்கும் 4-2-4 முறையையும் பழக்கினார். காலணி அணிந்து ஆடுவதும் கட்டாயமாயிற்று. ஒரே தொடுதலில் பந்தைக் கைமாற்ற வேண்டும் என்ற விதியோடும், பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடும் இளையோருக்குத் தனிப் போட்டிகள் நடத்தினார். வகுப்பறையில் பாடத்தைச் சிறு சிறு பயிற்சிகளாகப் பிரித்துத் தருகிறோமே, அதே முறைதான்!

பலன் 1956 மெல்பர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. அந்த ஆட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். முடிவில் இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியாவின் மிகச் சிறந்த நிலை அதுவே.

அவர் வாழ்வின் கடைசித் தேர்வு 1962இல் ஜகார்த்தாவில் காத்திருந்தது. அப்போது அவரது நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வெற்றி கிடைத்தாலும், தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. இஸ்ரேல், தைவான் நாடுகளுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்திருந்ததால், உள்ளூர் மக்களின் கோபமும் இந்திய அணியின்மீது திரும்பியது.

இந்த நெருக்கடியில்தான் ரஹீமின் துணிச்சல் வெளிப்பட்டது. தலையில் கட்டோடு இருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார்! தற்காப்பின் நடுப்பகுதியை அருண் கோஷ் காத்தார். காய்ச்சலிலிருந்து மீண்ட பீட்டர் தங்கராஜைக் கோல் கம்பத்தில் நிறுத்தினார். சென்னை ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடிப் பெயர் பெற்றவர் இந்தத் தங்கராஜ். செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில், அரங்கம் முழுவதும் எதிர்ப்புக் கூச்சல் எழுப்ப, அதே தென்கொரியாவை 2-1 என இந்தியா வென்றது. பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். நமக்கும் இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. அதே போட்டியில் நம் மலாயா அணி தென்வியட்நாமை வென்று வெண்கலம் பெற்றது.

அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள், தம் 53ஆம் வயதில் ரஹீம் காலமானார். அதன்பின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் காற்பந்து அணி தங்கம் வென்றதே இல்லை. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர் கதை 2024இல் 'மைதான்' என்ற இந்தித் திரைப்படமாக வந்த பிறகே இளையோர் பலருக்குத் தெரிய வந்தது.

மாணவ நண்பர்களே, ஒருவர் மறைந்ததும் ஒரு நாட்டின் ஆட்டமே தளர்ந்தது என்பது அவருக்குப் பெருமைதான். ஆனால் அவர் இடத்தை நிரப்ப இன்னொருவர் உருவாகவில்லை என்ற வேதனையும் அதற்குள் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, திடல்களோடு விசில் ஊதிய ஆசிரியர்களையும் நாம் இழந்தோம். நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம். பள்ளி மணி அடித்ததும் மகிழுந்தில் ஏறிவிடாமல், வாரம் இரு மாலைகளைத் திடலுக்குக் கொடுத்தால் போதும். பத்துக் கோல் வாங்கிய பிள்ளைகளைக் கடிந்து அனுப்பாமல், எங்கே ஓட்டை விழுந்தது என்று அவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளிக்கும் தேவைப்படுகிறார்.