கொள்ளைநோயை எதிர்த்த ஹாப்கின்

1896ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றியது. வீடுகளில் எலிகள் செத்து விழுந்தன. பின்னர் மனிதர் விழுந்தனர். மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு ஓடினர். ஊரே வெளியேறிய அந்நாளில் ஊருக்குள் வந்தவர் ஒருவர் உண்டு. அவரே வால்டெமார் ஹாப்கின். நம் நாட்டு மக்களுக்காகத் தம் உடலையே சோதனைக்கூடம் ஆக்கிய அப்பெருமகனின் வாழ்வை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஹாப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி மெச்னிகோவிடம் பயின்றார். யூதராகப் பிறந்த காரணத்தால் தாய்நாட்டில் உயர்பதவிகளின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. ஆகவே வெளிநாடு சென்றார். பாரிஸ் மாநகரில் லூயி பாஸ்டரின் ஆய்வு நிலையத்தில் முதலில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலைதான். நூல்களை அடுக்கிய நேரம் போக, எஞ்சிய நேரத்தில் கிருமிகளை ஆராய்ந்தார்.

அவ்வுழைப்பின் பயனாக, வாந்திபேதி எனப்படும் காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டார். அது மனிதருக்குத் தீங்கு செய்யாது என்று எவ்வாறு அறிவது? 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அதைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்து தணிந்தது. மறு ஆண்டே கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். புதிய மருந்தைக் கண்டு குடிசைவாழ் மக்கள் அஞ்சினர். ஆனால் இந்திய மருத்துவர்கள் சிலர் அவருக்குத் துணை நின்றனர். அவர்களோடு சேர்ந்து மக்களிடையே சென்று ஊசி போட்டார்.

பம்பாயில் பிளேக் பரவியதும் அரசு அவரை அங்கே அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். துணைக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலாளரும். இறைச்சிச் சாற்றில் சில துளி நெய்யிட்டு அதில் பிளேக் கிருமிகளை வளர்த்தார். நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு அவை ஆலம் விழுதுபோல் தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூட்டினால் கொன்று மருந்தாக்கினார். 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முதல் ஊசி, முன்போலவே, அவர் உடலில்தான் ஏறியது. அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் நோய் கண்டபோது கைதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களிடையே நோய் வெகு குறைவாகவே கண்டது. 1899இல் பரேலில் உள்ள பழைய ஆளுநர் மாளிகையில் அவருடைய பிளேக் ஆய்வு நிலையம் அமைந்தது.

புகழின் உச்சியில் இருந்தபோது பேரிடி ஒன்று விழுந்தது. 1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அன்று திறந்த ஐந்து புட்டிகளுள் ஒன்றிலிருந்து மருந்து பெற்ற 19 பேரும் சில நாட்களில் இரண ஜன்னி கண்டு இறந்தனர். நோயைத் தடுக்கச் சென்ற மருந்தே உயிரைக் குடித்தது! விசாரணைக் குழு பம்பாய் ஆய்வு நிலையத்தின்மீது பழியைச் சுமத்தியது. முன்னர் மருந்தில் சேர்த்து வந்த கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூட்டினால் மட்டுமே ஹாப்கின் கிருமி நீக்கம் செய்ததுதான் காரணம் என்றது. ஹாப்கின் பதவியை இழந்தார்.

உண்மை எங்கே இருந்தது? மல்கோவாலில் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருந்தது. சரிவரக் கிருமி நீக்காமல் அதனாலேயே தக்கையை எடுத்திருக்கிறார். இரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. அது புட்டிக்குள் வாரக்கணக்கில் வளர்ந்திருந்தால் மருந்தில் துர்நாற்றம் வீசியிருக்கும். திறந்தபோதோ எந்த நாற்றமும் இல்லை. ஆகவே கிருமி புகுந்தது பம்பாயில் அன்று, அக்கிராமத்தில்தான் என்று இலண்டன் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். மலேரியாவின் மர்மத்தைத் துலக்கிய ரொனால்டு ராஸ் அவருக்காக வாதாடினார். 1907 ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் இலண்டன் ‘டைம்ஸ்’ இதழில் கையொப்பமிட்டு நியாயம் கேட்டனர். அவ்வாண்டு இறுதியில் பழி நீங்கியது.

ஹாப்கின் மீண்டும் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் பணியேற்றார். தாம் வளர்த்த பம்பாய் நிலையத்தின் தலைமை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எனினும் 1925இல் அந்நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

அன்புத் தோழியரே! மூன்று மாதம் இரவு பகலாக உழைத்து உருவாக்கிய மருந்தை ஒரு நொடியில் நஞ்சாக்கியது கீழே விழுந்த ஓர் இடுக்கி. இன்று ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி எடுப்பதும், செவிலியர் நோயாளிக்கு நோயாளி கைகழுவுவதும் இத்தகைய துயரங்கள் கற்பித்த பாடமே. இன்புளுவென்சா பரவும் காலங்களில் நோயாளிகளைத் தனி வார்டில் வைப்பதும், பணியாளர் முகக்கவசம் அணிவதும் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இதே அக்கறையிலிருந்து வருபவையே. பிறர் கண்ணில் படாத அச்சிறு கடமைகளில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.

மற்றொரு பாடமும் உண்டு. தவறு நேர்ந்தபோது அது எங்கே நேர்ந்தது என்று பொறுமையாகத் தேடாமல் ஆளைத் தேடினார்கள். அதனால் ஓர் உத்தமர் ஐந்தாண்டு பழி சுமந்தார். திருவேங்கடத்திலிருந்து நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் செல்லவிருக்கும் நாம், இவ்விரண்டையும் நெஞ்சில் பதித்துக்கொள்வோம்.