ராமனின் மாணவர் கே.எஸ்.கிருஷ்ணன்

சர் சி.வி.ராமனுக்கு 1930-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்றுத் தந்த கண்டுபிடிப்பில் அவருக்குத் துணை நின்றவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். அவரும் தமிழரே. அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். அது இப்போதைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை தமிழிலும் வடமொழியிலும் புலமை உள்ளவர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடம், மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றில் கிருஷ்ணன் படித்தார். படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவில் வேலை கிடைத்தது. மதிய உணவு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்பார்கள். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் தேடி வருவார்கள்.

கையில் வேலை இருந்தது. ஆனால் மனம் ஆராய்ச்சியில் இருந்தது. 1920-ம் ஆண்டு கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

கல்கத்தாவில்

அங்கே ராமன் இருந்தார். அவரும் 1907-ம் ஆண்டில் அரசாங்கக் கணக்கு இலாகா அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனவர்தான். ஆபீசுக்குப் போகும் முன்பும், ஆபீஸ் விட்ட பிறகும், பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-ம் ஆண்டில் அந்த வேலையை விட்டுவிட்டு, பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

1923-ம் ஆண்டு கிருஷ்ணன் அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. திரவத்தில் சிறு தூசி இருந்தாலும் முடிவு தவறிவிடும். ஒவ்வொன்றையும் சுத்தப்படுத்தியாக வேண்டும். இப்படி 65 திரவங்களைச் சோதித்தார். பொறுமைதான் அவருடைய மூலதனம்.

1928-ம் ஆண்டு பிப்ரவரியில் அதற்குப் பலன் கிடைத்தது. சூரிய வெளிச்சம், லென்சு, வண்ணக் கண்ணாடிகள், கண் பார்வை, இவ்வளவுதான் கருவிகள். ஒரு நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினார்கள். சிதறி வந்த ஒளியில் அந்த நிறத்துடன் வேறு நிறமும் சிறிதளவு தெரிந்தது. இதுவே 'ராமன் விளைவு'.

இதுபற்றி 'நேச்சர்' பத்திரிகையில் 1928-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி வெளியான குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் அவர் பெயரே நிலைத்தது.

தனி வழி

கிருஷ்ணன் ஆசிரியரின் நிழலிலேயே நின்றுவிடவில்லை. 1928-ம் ஆண்டு டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை ஏற்றார். புது ஊர், புது ஆராய்ச்சி. ஒரே படிகத்தின் காந்த குணம் திசைக்குத் திசை மாறும். அதை நுட்பமாக அளக்க அவர் வழி கண்டார். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை அறிய அது உதவியது.

1933-ம் ஆண்டு கல்கத்தாவுக்குத் திரும்பினார். மாணவராக இருந்த அதே கழகத்தில் இப்போது பேராசிரியர்! தாம் கற்ற முறையிலேயே இளைஞர்களை ஆராய்ச்சியில் பழக்கினார்.

1940-ம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1946-ல் 'சர்' பட்டம் வந்தது. 1947-ல் டெல்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் டைரக்டர் பதவி கிடைத்தது. 1954-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1961-ம் ஆண்டு ஜூன் மாதம் டெல்லியில் காலமானார். அப்போது வயது 62.

கல்கத்தா, டாக்கா, அலகாபாத், டெல்லி என்று 40 ஆண்டுகள் வெளியூரிலேயே வாழ்ந்தவர் கிருஷ்ணன். போன இடமெல்லாம் தம் வேலையால் பெயர் பெற்றார். பிப்ரவரி 28-ந் தேதி தேசிய அறிவியல் தினம். ராமனை நினைக்கும் அந்த நாளில், அவருடன் உழைத்த இந்த மாணவரையும் நினைப்போம்.