பழைய காரில் விமான இஞ்சின் மாட்டிய எல்ட்ரிட்ஜ்

தரையில் அதிவேகம் யாருடையது என்ற சாதனைப் பட்டியலைப் புரட்டியவர்களுக்கு எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ் புதியவர் அல்ல. 1897-ல் இங்கிலாந்தில் பிறந்த வசதியான வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போர் முடிந்து விமான இஞ்சின்கள் மலிவாக வந்த நேரம், அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய கார் சேஸிஸில் அந்த இஞ்சினைத் தூக்கி உட்கார வைப்பது! முதலில் 1907-ம் வருஷத்து இஸோட்டா ஃப்ராஸ்கினியில் ஒரு மேபாக் இஞ்சினை மாட்டிப் பந்தயம் ஓடினார். அது சும்மா ஒத்திகைதான்.

1922-ல் ப்ரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஒரு 1908 மாடல் ஃபியட்டின் இஞ்சின் ஓடும்போதே வெடித்துச் சிதறியது. ஓட்டியவர் ஜான் டஃப், பிழைத்துக்கொண்டார். காயலான் கடைக்குப் போக வேண்டிய அந்த வண்டியை எல்ட்ரிட்ஜ் வாங்கினார். அதில் அவர் வைத்தது ஃபியட் ஏ.12 விமான இஞ்சின். ஆறு சிலிண்டர், 21.7 லிட்டர், சுமார் 320 குதிரை சக்தி. நம்ம மாருதி 800-ன் இஞ்சின் 27-ஐ ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவு!

இஞ்சின் மாற்றப் போகிறோம் என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னாலும், வேண்டாம் தம்பி என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது. சேஸிஸ் நீளம் பத்தாது, ரேஷியோ ஒத்துவராது, பிரேக் தாங்காது என்று அடுக்கினார்கள். மூன்றுமே நியாயம்தான், நான் மறுக்க மாட்டேன்.

எல்ட்ரிட்ஜுக்கும் இதே மூன்று தலைவலிதான். சேஸிஸ் பத்தவில்லை, வெட்டி, லண்டன் பஸ்ஸின் சட்டத்தை வைத்து நீட்டினார் என்பார்கள். விமான இஞ்சின் மெதுவாகச் சுற்றும் சாதி, 1800 ஆர்.பி.எம். பக்கத்தில்தான் முழுச் சக்தியும் வரும். அந்த ஃபியட் செயின் டிரைவ் வண்டி என்பதால் பிழைத்தது. ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் ரேஷியோ மாறிவிடும் இல்லையா? பழைய டெக்னாலஜி என்று நாம் சிரிக்கிற சமாச்சாரம்தான் இங்கே கை கொடுத்தது. பிரேக் விஷயத்தில் மட்டும் அவரை என்னால் பாராட்ட முடியவில்லை. கடைசி வரை பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். புகையும் சத்தமும் பார்த்து, மெஃபிஸ்டோஃபிலிஸ் என்று சாத்தானின் பெயரையே வண்டிக்கு வைத்துவிட்டார்கள்.

1924 ஜூலை 6. பாரிஸ் அருகே அர்ப்பஜோனில் சாதாரணப் பொதுச் சாலை. எதிரில் ரெனே தாமஸ், கம்பெனியே தயாரித்த டெலாஜ் பந்தயக் காரில். எல்ட்ரிட்ஜ் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் எதிர்த்தரப்பு விதிப்புத்தகத்தை நீட்டியது: காரில் ரிவர்ஸ் கியர் இருக்க வேண்டும், இந்த வண்டியில் இல்லை. அவ்வளவுதான், ஓட்டம் செல்லாது! சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தோடு சாதனை தாமஸுக்குப் போனது.

வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். இவர் வண்டியைப் பின்னால் நகர்த்த ஒரு ஏற்பாட்டைப் பொருத்திக்கொண்டு, ஆறே நாளில் அதே சாலைக்கு வந்தார். ஜூலை 12-ல் மணிக்கு 234.98 கிலோமீட்டர். உலக சாதனை! பதினாறு வயசான சேஸிஸ், அதுவும் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்துக்கொண்டு! செப்டம்பரிலேயே மால்கம் கேம்ப்பெல் அதை மயிரிழையில் முறியடித்தார். அவருடைய சன்பீமிலும் விமான இஞ்சின் வம்சம்தான்.

1926-ல் சொந்தமாகக் கட்டிய காருடன் இண்டியானாபொலிஸ் போனார். மறு வருஷம் மோன்லெரி பந்தயத் தளத்தில் நடந்த விபத்தில் ஒரு கண் போய்விட்டது. அன்று அவர் ஓட்டியது ஒட்டுப்போட்ட வண்டி இல்லை, பந்தயத்துக்கென்றே தயாரான மில்லர் கார். அதன் பிறகு ஜார்ஜ் ஐஸ்டனின் சாதனைக் கார்களுக்குப் பின்னால் நின்று உழைத்தார். அதில் ஒன்றான ஸ்பீட் ஆஃப் தி விண்டிலும் ரோல்ஸ் ராய்ஸ் விமான இஞ்சின்தான்! ஆளை மாற்ற முடியுமா? 1935-ல் நிமோனியாவில் காலமானார். வயது முப்பத்தெட்டு.

மெஃபிஸ்டோஃபிலிஸை 1969-ல் ஃபியட் கம்பெனியே திரும்ப வாங்கி, இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டது.